தொண்ணூற்றொன்று போகாது

யூ சாய்லுவான் எழுபத்தொன்பது வயதில் கீலுங் நகர ஆஸ்பத்திரியில் இறந்தாள். கடைசி வாரம் பேச்சு இல்லை. கண் மட்டும் சலைன் குழாயின் மேலேயே இருந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. பிரார்த்தனை செய்கிறாள் என்று செவிலி சொன்னாள். சாய்லுவான் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பயந்த சுபாவம் அவளுக்கு. காற்றுக்குப் பயம். நேரங்கெட்ட நேரத்தில் அடிக்கும் தொலைபேசிக்குப் பயம். அரசாங்க முத்திரை போட்ட உறை வந்தால் இரண்டு நாள் பிரிக்கமாட்டாள். பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டு, அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருவாள். அணைத்துத்தான் இருக்கும். பயம் வந்தால் எதையாவது எண்ணுவாள். படிகள், ஓடுகள், மீன் கூடைகள். அவள் ஊரான ஷிஜியாவ் துறைமுகத்தில் இது எல்லோருக்கும் தெரியும். மட்டி விற்கும் பெண்கள், "சாய்லுவான், இன்னிக்குக் கடல்ல எத்தனை அலை?" என்று கேட்பார்கள். "காலைல இருந்தா, இப்போ இருந்தா?" என்பாள் அவள்.

அப்படிப்பட்டவள் ஒரு புயலுக்கு முதல் நாள், செத்துப்போன கணவனின் கையெழுத்தைச் சந்தேகப்பட்டாள். அவள் செய்த காரியங்களில் மிகத் துணிந்தது அதுதான்.

மலைப்பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். ஆறு வருடப் பள்ளிக்கூடம். இருபது வயதில் ஜியென் சுய்மூவைக் கட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். துறைமுகத்துக்குப் பின்னால் அவனுக்கு ஒரு கடைசல் பட்டறை. ஒரு லேத்து, ஒரு பழைய மில்லிங் மெஷின், ஒரு துளை மெஷின். படகு எஞ்சினுக்குத் தண்டு கடைவதும், வலை இழுக்கும் உருளைக்குப் பல்சக்கரம் வெட்டுவதும் வேலை. இந்தத் தொழிலில் இருப்பவர்களை அங்கே கருங்கைக்காரர்கள் என்பார்கள். கல்யாணமான மூன்றாம் மாதம் அவள் கையும் கறுத்துவிட்டது.

பல்சக்கரம் வெட்டும்போது சுய்மூ எஃகைச் சீவும் கட்டரைப் பார்த்துக்கொள்வான். அவள், பல் வெட்ட வேண்டிய வட்டைப் பல்லுக்குப் பல் திருப்பிக்கொடுக்கும் டிவைடிங் ஹெட்டின் கைப்பிடியைச் சுற்றுவாள். கைப்பிடி நாற்பது சுற்று சுற்றினால் வட்டு ஒரு முழுச் சுற்று சுற்றும். இருபது பல் வேண்டுமென்றால் ஒரு பல்லுக்கு இரண்டு சுற்று. எண்பது பல் என்றால் அரைச் சுற்று. இப்படிச் சுலபமாக வராத எண்களுக்காகக் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு துளைத் தட்டு உண்டு. அதில் வட்டம் வட்டமாகத் துளைகள். கைப்பிடியின் முளையை இந்த வட்டத்தில் இத்தனை துளை நகர்த்து என்று கணக்கு. துளைகளை எண்ணுவதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு துளை தவறியதில்லை. "மத்தவன் மெஷினை நம்பித் தொழில் பண்றான். நான் என் பொண்டாட்டியோட பயத்தை நம்பிப் பண்றேன்" என்று சுய்மூ சொல்வான்.

எந்த எண்ணுக்கு எத்தனை துளை என்று அவன் சுவரில் பட்டியல் எழுதியிருந்தான். பன்னிரண்டில் தொடங்கி நூற்றிருபதுவரை. எழுபத்தேழு மாதிரிச் சில எண்களுக்கு ஒரு வட்டம் போதாது. அதை ஏழு, பதினொன்று என்று ஒரு ஜோடியாகப் பிரித்துக்கொண்டு, கைப்பிடியில் இருக்கும் முன்முளையை ஒரு வட்டத்திலும், தட்டைப் பின்னாலிருந்து பிடிக்கும் பின்முளையை இன்னொரு வட்டத்திலும் நகர்த்த வேண்டும். ஜோடியாகப் பிரியவே பிரியாத எண்களும் இருக்கின்றன. பெரிய எண்ணாக இருந்து அப்படிப் பிரியாமலும் போனால், அந்தப் பட்டறையில் இருந்த தட்டுகளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அவற்றின் எதிரே சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, போகாது என்று எழுதியிருந்தான். எண்பத்தொன்பது போகாது. தொண்ணூற்றேழு போகாது. தொண்ணூற்றொன்றும் போகாது.

அவன் கல்லீரல் கெட்டு இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் பட்டறையை மூடவில்லை. மூடவும் பயம். பட்டியலில் கணக்கு இருக்கும் வேலையை எடுப்பாள். சிவப்புக் குறி போட்டதைத் திருப்பி அனுப்புவாள்.

அந்த வருடம் ஏழாம் மாதத்தில் புயல் வந்தது. செத்தவர்கள் வெளியே நடமாடும் மாதம் அது.

புயலுக்கு முதல் நாள் மத்தியானம் ஜின்ஷி வந்தார். துறைமுகத்தில் படகுகளைச் சரிவில் இழுத்துக் கரையேற்றும் விஞ்ச்சைப் பார்த்துக்கொள்பவர். அறுபது வயது. சுய்மூவின் சிநேகிதர். கூடவே சாய்லுவானின் தம்பி சிங்ஹே. ஜின்ஷி ஒரு சாக்கை மேசைமேல் போட்டு அவிழ்த்தார். உள்ளே விஞ்ச்சின் பல்சக்கரம், சாப்பாட்டுத் தட்டை விடக் கொஞ்சம் பெரியது. ஒரு பக்கத்தில் பற்கள் வேர்வரை உடைந்திருந்தன.

"அண்ணி, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இது மாதிரி ஒண்ணு வேணும்" என்றார்.

"கீலுங்ல கேட்டீங்களா?"

"போன் போட்டேன். ஜன்னலுக்குப் பலகை அடிச்சிட்டு இருக்கேன், புயல் போனதும் வான்னு சொல்றான். புயல் போனதும் எனக்கு எதுக்குடா விஞ்ச்சு? படகு உடைஞ்ச விறகை இழுக்கவான்னு கேட்டேன். போனை வச்சிட்டான்."

சிங்ஹே சிரிக்கவில்லை. "இருபத்திரண்டு படகு தண்ணியில நிக்குதுக்கா" என்றான். "பெரிய படகெல்லாம் கீலுங்குக்கு ஓடிருச்சு. நம்மது சின்னது, அவ்வளவு தூரம் இந்த அலையில போகாது. ஆள் வச்சுக் கயித்துல இழுத்தா அஞ்சோ ஆறோ ஏறும். மத்ததெல்லாம் கல் சுவர்ல மோதியே போயிரும்."

அவன் படகு துறைமுக வாயிலுக்குப் பக்கத்தில், கடைசியாகக் கட்டியிருந்தது. போன வருடம்தான் வாங்கினான்.

அவள் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பல்லில் கோடு போட்டு எண்ணத் தொடங்கினாள். உடைந்த இடத்தில் வேரைத் தடவி எண்ணினாள். தொண்ணூற்றொன்று. மறுபடி எண்ணினாள். மூன்றாவது முறையும் எண்ணினாள்.

"தடவித் தடவி எண்ணினா ஒண்ணு கூடுமா அண்ணி?"

அவள் சுவரைப் பார்த்தாள். சிவப்புக் குறி அங்கேயே இருந்தது.

"இது போகாது."

"என்ன போகாது?"

"தொண்ணூத்தொண்ணு. நம்ம மெஷின்ல போகாது. அவர் எழுதி வச்சிருக்கார், பாருங்க."

ஜின்ஷி பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "சுய்மூ எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். வெளியே தகரக் கூரை ஒருமுறை தூக்கி அடங்கியது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"தொண்ணூறா வெட்டிரலாமே" என்றான் சிங்ஹே. "ஒரு பல் குறைஞ்சா என்ன?"

"எனக்கே ஆறு பல் இல்ல. நான் கணவாய் மீன் திங்கலையா?" என்றார் ஜின்ஷி.

"உங்க பல்லு எதோடயும் கோக்க வேண்டியதில்ல. இது பக்கத்துச் சக்கரத்தோட கோக்கணும். தொண்ணூறு வெட்டினா ரெண்டும் சரியாச் சேராது. பாரம் ஏறினதும் வழுக்கும். பாதிச் சரிவுல படகு நிக்கும்போது வழுக்கினா, கீழ நிக்கிறவன் என்ன ஆவான்?"

அவர்கள் கிளம்பினார்கள். கயிறு சேர்க்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். வாசலில் சிங்ஹே திரும்பி, "ஒண்ணுமே பண்ண முடியாதாக்கா?" என்றான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வட்டை மட்டும் கடைஞ்சு வைக்கிறேன்" என்றாள். ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. எதையாவது செய்யாவிட்டால் கூரையின் சத்தம் காதுக்குள் வந்துவிடும்.

அந்த அளவுக்கு ஒரே ஒரு எஃகு வட்டுதான் இருந்தது. சுய்மூ வாங்கிப் போட்டது. லேத்தில் ஏற்றிச் சுற்றளவைக் கடைந்தாள். நடுத் துளை போட்டாள். தண்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளத்தை வெட்டினாள். ஐந்தரை மணிக்கு வேலை முடிந்துவிட்டது. பல் இல்லாத வட்டு மேசைமேல் பளபளவென்று கிடந்தது. செய்ய ஒன்றும் இல்லை. பயம் திரும்பி வந்தது.

நட்டுப் பெட்டியை எடுத்து மேசைமேல் கவிழ்த்து எண்ண ஆரம்பித்தாள். தொண்ணூற்றொன்று வந்ததும் கை நின்றது.

சுய்மூ அந்தப் பட்டியலை எழுதிய நாள் நினைவுக்கு வந்தது. முக்காலியில் உட்கார்ந்து, சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் வாய்ப்பாட்டை முணுமுணுத்தான். அங்கே வாய்ப்பாடு ஒன்பதோடு முடிந்துவிடும். ஒன்பதொன்பது எண்பத்தொன்று, அதற்கு அப்பால் பாட்டு கிடையாது. எண்பத்தொன்றைத் தாண்டிய எண்களுக்கு அவன் சில சூட்சுமம் வைத்திருந்தான். இலக்கங்களைக் கூட்டினால் மூன்று போகுமா என்று தெரியும். கடைசி இலக்கத்தைப் பார்த்தால் இரண்டும் ஐந்தும் தெரியும். பதினொன்று கண்ணிலேயே தெரியும். ஏழுக்கு அவனுக்கு எதுவும் தெரியாது. தொண்ணூற்றொன்றுக்கு வந்ததும் முணுமுணுத்தான், கூட்டினான், தலையசைத்தான், சிவப்பு மையைத் தொட்டான். அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவன் அதைப் பிரித்துப் பார்த்தானா? பார்த்ததாக நினைவில்லை.

இப்படி நினைத்ததும் அவளுக்குக் கழுத்தின் பின்புறம் சில்லென்றது. ஏழாம் மாதம். அவன் பட்டறைக்குள்தான் எங்காவது நின்றுகொண்டிருப்பான். அங்கே மாட்டியிருந்த அவன் படத்துக்கு முன்னால் மூன்று ஊதுபத்தி கொளுத்தினாள்.

"கோவிச்சுக்காதீங்க" என்றாள். "உங்களைத் தப்புன்னு சொல்லல. கை சும்மா இருக்க மாட்டேங்குது. எண்ணிப் பாக்கிறேன், அவ்வளவுதான்."

நட்டுகளை இரண்டு வரிசையாக அடுக்கினாள். ஒன்று மிஞ்சியது.

கலைத்து, மூன்று வரிசையாக அடுக்கினாள். ஒன்று மிஞ்சியது.

நான்கில் மூன்று மிஞ்சின. ஐந்தில் மறுபடி ஒன்று. அந்த ஒற்றை நட்டு ஒவ்வொரு முறையும் மேசையின் ஓரத்தில் தனியாக நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. யாரோ கதவுக்கு வெளியே நிற்பதுபோல இருந்தது. ஆறு வரிசை அடுக்கினாள். அப்போதும் ஒன்று.

சிங்ஹே மீன் உருண்டை சூப்பும் சோறும் வாங்கிக்கொண்டு வந்தான். மழையில் நனைந்திருந்தான்.

"என்னக்கா இது, மாஜாங் ஆடுறியா?"

"பேசாத. கணக்கு விட்டுரும்."

ஏழு வரிசை போட்டாள். கடைசி வரிசையின் கடைசி நட்டை வைத்ததும் கை அடுத்த நட்டைத் தேடியது. இல்லை. மேசையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"கீழ விழுந்திருச்சு" என்றாள். குரல் கிறீச்சிட்டது. "டேய், கீழ பாரு. ஒரு நட்டு விழுந்திருக்கும்."

சிங்ஹே மண்டியிட்டு மேசைக்கடியில் பார்த்தான். கடைந்தபோது விழுந்த இரும்புச் சுருள்தான் கிடந்தது. அவள் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து எண்ணினாள். தொண்ணூற்றொன்று சரியாக இருந்தது. திரும்ப ஏழு வரிசை. திரும்ப ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு வரிசையில் எத்தனை என்று எண்ணினாள். பதின்மூன்று. ஏழு வரிசையிலும் பதின்மூன்று.

"ஏழு பதிமூணு" என்று சொல்லிப் பார்த்தாள். அப்படி ஒன்றை அவள் வாய் அதுவரை சொன்னதே இல்லை. உண்மையாக இருக்கக்கூடாத ஒன்றைச் சொல்வதுபோல இருந்தது.

எட்டு வரிசையும் அடுக்கினாள், ஒன்பதும் அடுக்கினாள். மிஞ்சியது. அதோடு நிறுத்தினாள்.

"பத்து, பதினொண்ணெல்லாம் பாக்கலையா?"

"வேண்டாம். பத்து வரிசை போட்டா ஒரு வரிசைக்குப் பத்துகூட வராது. ஜோடியில சின்னவன் பத்துக்குள்ளதான் இருப்பான். ரெண்டுல இருந்து ஒம்பது வரைக்கும் கூப்பிட்டாச்சு. ஏழு மட்டும்தான் வந்தான், பதிமூணைக் கையில பிடிச்சிட்டு."

"அப்போ மாமா எழுதினது?"

அவள் படத்தின் பக்கம் திரும்பவில்லை.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுபத்தேழுக்குச் சுய்மூ செய்த வழி அவள் கைக்குத் தெரியும். கைப்பிடியின் நாற்பது சுற்றை ஏழுகளாகவும் பதின்மூன்றுகளாகவும் பங்கு போட வேண்டும். ஒரு பதின்மூன்றை எடுத்தால் மிச்சம் இருபத்தேழு. அது ஏழின் வாய்ப்பாட்டில் இல்லை. இரண்டு பதின்மூன்றை எடுத்தால் மிச்சம் பதினான்கு. அது இரண்டு ஏழு. அப்படியென்றால் ஒரு பல்லுக்கு, பதின்மூன்றில் இரண்டு பங்குச் சுற்று. அதோடு ஏழில் இரண்டு பங்குச் சுற்று. துளைத் தட்டைத் திருப்பிப் பார்த்தாள். முப்பத்தொன்பது துளை வட்டம் இருந்தது. அது பதின்மூன்று மூன்றுகள். இரண்டு பங்குக்கு ஆறு துளை. அதே தட்டில் நாற்பத்தொன்பது துளை வட்டமும் இருந்தது. அது ஏழு ஏழுகள். இரண்டு பங்குக்குப் பதினான்கு துளை.

முன்முளை ஆறு, பின்முளை பதினான்கு. காகிதத்தில் எழுதியபோது எழுத்து கோணலாக வந்தது.

சூப் ஆறிப்போயிருந்தது. அவளால் சாப்பிட முடியவில்லை.

புது எண்ணுக்கு வெட்டும்போது, முதலில் லேசாகக் கீறிக்கொண்டே ஒரு சுற்று வந்து பார்ப்பது வழக்கம். கடைசிக் கீறல் முதல் கீறல்மேல் விழுந்தால் கணக்கு சரி. அதன்பிறகுதான் ஆழமாக வெட்டுவார்கள். விடிந்ததும் அப்படித்தான் செய்ய நினைத்திருந்தாள். ஐந்து மணி வானொலி அதைக் கெடுத்தது. புயல் வேகம் பிடித்துவிட்டது, சாயங்காலம் இல்லை, மத்தியானமே காற்று ஏறும் என்றார்கள். ஒரு பல்லுக்கு நான்கு நிமிடம் என்றாலும் வெட்டி முடிக்கவே ஆறு மணி நேரம். கீறிப் பார்க்க நேரம் இல்லை.

"நேரா வெட்டிரலாமா?" என்றான் சிங்ஹே. கட்டரைப் பார்த்துக்கொள்ள அவன் வந்திருந்தான்.

"ஒரே வட்டுதான் இருக்கு" என்றாள்.

"தெரியும்."

"தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா கயித்தைப் பிடிச்சு இழுக்கப் போறேன். வெட்டலைன்னாலும் கயித்தைத்தான் பிடிச்சு இழுக்கப் போறேன். வெட்டுக்கா."

இரண்டு கிண்ணம் வைத்தாள். இடது கிண்ணத்தில் தொண்ணூற்றொரு நட்டு. ஒரு பல்லுக்கு ஒரு நட்டைக் கையில் எடுப்பாள். முன்முளையை ஆறு துளை நகர்த்துவாள். பின்முளையைப் பதினான்கு துளை நகர்த்துவாள். நட்டை வலது கிண்ணத்தில் போடுவாள். சிங்ஹே மெஷினின் மேசையைத் தள்ளுவான், கட்டர் உறுமிக்கொண்டு எஃகுக்குள் போகும். போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

வெட்டிய பக்கத்தை அவள் பார்க்கவில்லை. ஒரு துணியை எடுத்து மூடிவிட்டாள்.

"எதுக்கு மூடுற?"

"வெட்டாத இடம் குறையுறதைப் பாத்தா, சரியா வருமா வராதான்னு மனசு அளக்க ஆரம்பிச்சிரும். அளந்தா கை துளையை விட்டுரும்."

எட்டு மணிக்கு நாற்பது பல் ஆகியிருந்தது. வாசலின் இரும்பு ஷட்டர் விடாமல் அடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் அவள் கண் மூடித் திறந்தது. ஆனால் விரல் துளையை விடவில்லை. ஆறு, பதினான்கு. ஆறு, பதினான்கு. வேறு எந்த எண்ணும் உலகத்தில் இல்லை.

ஐம்பத்தெட்டாவது பல்லில் மின்சாரம் போனது. மோட்டார் முனகி நின்றது. பட்டறை இருட்டிவிட்டது. அதே நேரம் கூரையில் ஏதோ பெரிதாக வந்து விழுந்தது. அவள் கத்திக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். முக்கால் நிமிடம் இருக்கும். விளக்கு வந்தது. எழுந்து நின்றாள். வலது கையைத் திறந்து பார்த்தாள். நட்டு உள்ளங்கையில் இருந்தது.

"பதினாலு போட்டேனா?" என்றாள்.

"என்ன?"

"ஆறு போட்டேன். அது தெரியும். பதினாலு போட்டேனா?"

"நான் கட்டரைப் பாத்திட்டு இருந்தேன்கா."

இரண்டு கிண்ணத்துக்கும் நடுவில் அந்தக் கை நின்றது. போட்டிருந்தால் இன்னொரு பதினான்கு போட்டுக் கெடுப்பாள். போடாமலிருந்தால் இப்படியே வெட்டிக் கெடுப்பாள். இருபத்திரண்டு படகுகளும் ஒரு நட்டில் வந்து நின்றன. தாலாட்டுவதுபோல உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. சிங்ஹே பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தான்.

"அக்கா. வெட்டாம பாத்தா தெரியாதா?"

அவள் ஆட்டத்தை நிறுத்தினாள். மோட்டாரைப் போடாமல் மேசையைக் கையால் மெல்லத் தள்ளச் சொன்னாள். கட்டர் வட்டை நெருங்கி நின்றது. துணியை ஒரு விரல் அகலம் மட்டும் விலக்கி, டார்ச் அடித்துப் பார்த்தாள். கட்டரின் முனை முந்தின பள்ளத்தின் ஓரத்திலேயே நின்றது. ஒரு முழுப் பல்லின் தூரம் போகவில்லை.

"போடல" என்றாள். மூச்சு வந்தது. பதினான்கு துளையையும் வாய்விட்டு எண்ணி நகர்த்தினாள். நட்டைப் போட்டாள்.

பதினொன்றரைக்கு இடது கிண்ணம் காலியானது. கடைசிப் பல்லை வெட்டி முடித்து சிங்ஹே மோட்டாரை நிறுத்தப் போனான்.

"நிறுத்தாத. இன்னொரு தடவை நகர்த்துறேன். இப்போ அது முதல் பள்ளத்துக்கே வரணும்."

ஆறு நகர்த்தினாள். பதினான்கு நகர்த்தினாள். துணியை எடுத்தாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டாள். "தள்ளு" என்றாள்.

சிங்ஹே தள்ளினான். கட்டர் சுற்றும் சத்தம் கேட்டது. எஃகைத் தொடும் உறுமல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கட்டர் முதல் பள்ளத்துக்குள் நுழைந்து, எதையும் உரசாமல், மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. ஒரு துகள்கூட விழவில்லை.

"அக்கா, கண்ணைத் திற."

"நீ பாத்துச் சொல்லு."

"சொல்ல ஒண்ணுமில்ல. போய் வந்திருச்சு."

ஜின்ஷி அதை விஞ்ச்சின் தண்டில் மாட்டி, பக்கத்துச் சக்கரத்தோடு கோத்து, கையால் உருட்டிப் பார்த்தார். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று வழவழவென்று போயின. "சுய்மூ போகாதுன்னுதானே எழுதியிருந்தான்?" என்றார்.

"எழுதின அன்னிக்கு அவருக்கு அவசரம்" என்றாள் அவள். அதைவிட அதிகமாக யாரிடமும் எப்போதும் சொன்னதில்லை.

ஒரு மணிக்கு முதல் படகு ஏறியது. மழை படுக்கையாக அடித்தது. சரிவின் மேல்முனையில் விஞ்ச்சுக்கு ஒரு தகரக் கொட்டகை. அவள் பல்சக்கரத்துக்கு ஓரடி தள்ளி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளி நில்லுங்க அண்ணி. பல் ஏதாவது தெறிச்சா உங்க பல்லும் போகும். அப்புறம் நான்தான் உங்களுக்குத் திங்கக் கத்துக்கொடுக்கணும்."

"நான் இங்கயே நிக்கிறேன்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. வீட்டுல இருந்தா இதைவிடப் பயமா இருக்கும்."

படகுகள் ஒவ்வொன்றாக ஏறின. பாரம் ஏறும்போது சக்கரம் முனகும். ஒவ்வொரு முனகலுக்கும் அவள் தூணை இறுக்கினாள். உட்கார்ந்தால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு இருபத்தொரு படகு மேலே இருந்தது. சிங்ஹேயின் படகு கடைசி. துறைமுக வாயிலிலிருந்து அதைக் கொண்டுவருவதற்குள் இரண்டு முறை சுவரில் இடித்துவிட்டது. அவன் உள்ளேயே இருந்தான், சுக்கானைப் பிடித்துக்கொண்டு. கொக்கி மாட்டினார்கள். படகு சரிவில் பாதி ஏறியபோது மின்சாரம் முழுவதுமாகப் போனது.

விஞ்ச் நின்றது. பின்னுக்கு உருளாமல் தடுக்கும் பூட்டுக் கட்டை விழுந்து பிடித்துக்கொண்டது. படகு சரிவில் தொங்கியது. பின்னால் அலை ஏறி அதன் பின்பகுதியை அடித்தது. அடித்தபோதெல்லாம் கயிறு தளர்ந்து மறுபடி விறைத்தது. விறைத்தபோதெல்லாம் மொத்தப் பாரமும் அவள் வெட்டிய இரண்டொரு பல்லில் வந்து விழுந்தது. அந்தப் பற்களின் எண் அவளுக்குத் தெரியும்போல இருந்தது. ஐம்பத்தெட்டாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்தாள்.

"கைப்பிடி" என்று ஜின்ஷி கத்தினார். இரண்டு இரும்புக் கைப்பிடிகளைத் தண்டில் செருகினார்கள். பக்கத்துக்கு இரண்டு பேர். சுற்ற ஆரம்பித்தார்கள். மோட்டார் இழுத்தபோது பற்கள் ஒரே கோடாக ஓடின. இப்போது ஒவ்வொன்றாக வந்தன. ஒரு பல் ஏறி, அழுந்தி, விலகி, அடுத்தது. அவள் எண்ணினாள். வாய்விட்டு எண்ணினாள். ஆட்கள் அவள் எண்ணிக்கைக்கே கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். தொண்ணூற்றொன்று வந்ததும் மறுபடி ஒன்று. ஒருவன் சோர்ந்து விலகினால் இன்னொருவன் வந்தான். அவளுக்குக் குரல் கம்மியது. நிறுத்தவில்லை. பதினேழாவது சுற்றிலோ பதினெட்டாவதிலோ படகின் மூக்கு மழைக்குள்ளிருந்து கொட்டகையின் உயரத்துக்கு வந்தது.

கட்டை கொடுத்துப் படகை நிறுத்தினார்கள். சிங்ஹே குதித்து இறங்கி ஓடிவந்தான். நெற்றியில் ரத்தம். அவள் தூணைக் கட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் பிரியவில்லை. அவன் ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"எல்லாம் ஏறிருச்சுக்கா. வா, வீட்டுக்குப் போவோம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"எத்தனை?"

"இருபத்திரண்டு. என்னுது கடைசி. நீதானே பாத்திட்டு நின்ன?"

அவள் மழைக்குள் இறங்கினாள். காற்று அவளை ஒரு பக்கமாகச் சாய்த்தது. சிங்ஹே அவள் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். அவள் முதல் படகுக்குப் போய் அதன் பலகைமேல் உள்ளங்கையை வைத்தாள். ஒன்று. அடுத்ததற்குப் போனாள். இரண்டு. தார் பூசிய பலகைகள் கைக்குக் கீழே காற்றில் நடுங்கின. கடைசிப் படகின்மேல் கை வைத்து, இருபத்திரண்டு என்றாள்.

"போதுமா?" என்றான் சிங்ஹே.

"இரு" என்று சொல்லிவிட்டு, அந்தப் படகிலிருந்தே ஒன்று என்று திரும்ப ஆரம்பித்தாள்.